பத்து மணி டோக்கன்

கதவைத் திறக்கப் போன அன்பரசியை, மாமியார் வரலட்சுமி குறுக்கே கை நீட்டித் தடுத்தாள்.

"வயித்துல தையல் போட்டு அஞ்சு நாள்தான் ஆவுது. எங்க கெளம்பிட்ட?"

"செங்கல்பட்டுக்கு, அத்தை. டாக்டரம்மாகிட்ட பத்து மணிக்கு டோக்கன். வுட்டா அடுத்த மாசம்தான்."

மாதவிடாய் வலியை உயிர்வலியாக்கும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற அந்தக் கருப்பை நோயின் பெயர் வரலட்சுமியின் வாயில் நுழைந்ததே இல்லை.

"மூணு ஓட்டை போட்டு அந்தக் கட்டியை எடுத்துட்டாங்க இல்ல? இன்னும் இன்னா?"

"வலி உயிர் போவுது, அத்தை."

"மாசாமாசம் வர்ற வலிதான? நாங்கள்லாம் பல்லைக் கடிச்சுக்கினு மகாபலிபுரம் பூரா மீன் கூடை தூக்கல?"

"பல்லைக் கடிச்சே எனக்கு எட்டு வருசம் போச்சு. இனிமே இந்த வூட்ல யாரும் கடிக்க வாணாம். வழி வுடுங்க."

"படுத்துக் கெடக்கச் சொன்னா எதிர்த்தா பேசற? வாசல்ல நிக்கிற ஆட்டோவை நானே திருப்பி அனுப்பறேன் பாரு."

வரலட்சுமி விறுவிறுவென்று தெருவுக்குப் போய் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதாக அவள் நினைத்திருந்த மகள் தேவிகா, சீருடையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் சுருண்டு கிடந்தாள்.

அன்பரசி மெல்ல நடந்து வந்து, ஏறி, நாத்தனாரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"டோக்கன் இவ பேர்லதான், அத்தை. நீங்களும் வர்றதுன்னா சீக்கிரம் ஏறுங்க."