புருஷனை ஏசுகிறவள்

"எங்க வீட்டுக்காரரு யுகேந்திரன் இருக்காரே, அவரு வாயில 'முடியாது'ங்கிற வார்த்தையே வராது. எல்லாத்துக்கும் சரி சரின்னு 'போலே லா'தான். அவங்கம்மா 'இன்னிக்குச் சோறு'ம்பாங்க. போலே லா! நான் 'இன்னிக்கு மீ நூடுல்ஸ்'ம்பேன். அதுக்கும் போலே லா! கடைசியில நானும் அத்தையும் சண்டை போட்டுக்கிட்டு நிப்போம். அவரு நடுவுல உட்கார்ந்து ரெண்டு தட்டையும் காலி பண்ணிட்டுக் கை கழுவப் போயிடுவாரு!"

மண்டபம் குலுங்கியது. தாமதமாக வந்த சிறப்பு விருந்தினரான டத்தோகூட, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

மேடையில் நின்றவள் தனலெட்சுமி. ஜுருவில் தொழிற்சாலைக் கேண்டீனில் சூப்பர்வைசரைப் போல் நடந்து காட்டி வேலையை இழந்தவள். அதே நடையை மேடையில் நடந்து காட்டிப் பேர் வாங்கினாள். இப்போது தொலைக்காட்சி நாடகங்களில் கொடுமைக்கார மருமகள் என்றால் அவள்தான். பினாங்கில் எந்தக் கடைக்குப் போனாலும் யாராவது ஒரு பெண்மணி, "அந்த மாமியார விட்டுடும்மா, பாவம்" என்பார்.

தொழிற்சங்கத்தின் ஆண்டு விருந்துக்கு அவளை அழைத்தவர் செயலாளர் ராமசாமி. முதலாளிமார்களைக் கிழிப்பாள் என்று நம்பி அழைத்தார். கிழிக்கவும் செய்தாள். ஆனால் முதலாளிக்குக் கிடைத்ததைவிடப் புருஷனுக்குக் கிடைத்தது அதிகம்.

"பசார்ல கொத்தமல்லி வாங்கிட்டு வாங்கன்னா, அங்க நின்னுக்கிட்டு போன் பண்ணுவாரு. 'தனா, இதுல எது கொத்தமல்லி, எது புதினா?' மோந்து பாருங்கன்னேன். மோந்து பாத்துட்டு, 'ரெண்டும் நல்லாத்தான் இருக்கு லா'ங்கிறாரு!"

மறுபடி சிரிப்பு. ராமசாமி மட்டும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் அந்தப் புருஷனைப் பெற்றவள் உட்கார்ந்திருந்தாள். வள்ளியம்மா. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர்.

இடைவேளை விட்டதும் ராமசாமி நேராக மேடைக்குப் பின்னால் போனார்.

"தனா, அடுத்த பாதியில புருஷன் கதை வேணாம்."

"ஏண்ணே? எல்லாரும் சிரிக்கிறாங்களே."

"ஒருத்தங்க அழுவுறாங்க. உன் மாமியார். நாடகத்துல அழ வைக்கிறது பத்தலையா உனக்கு?"

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"முதலாளி கதைய வெட்டச் சொல்லுங்க, வெட்டுறேன். டத்தோ கதைய வெட்டுறேன். இத மட்டும் முடியாதுண்ணே."

"டத்தோ கதைய வெட்டாத. அது நல்லா இருக்கு."

"அப்ப இதுவும் இருக்கட்டுமே."

ராமசாமிக்குக் கோபம் வந்தது.

"இங்க பாரு. நானும் காலம் பூரா மேடையில பேசினவன்தான். எவ்வளவு பெரிய முதலாளியா இருந்தாலும் நேர்ல நிக்க வெச்சுத்தான் ஏசியிருக்கேன். பதில் சொல்ல ஆள் இல்லாத எடத்துல ஏசுறது கோழைத்தனம். உன் புருஷன வரச் சொல்லு. அவன் மூஞ்சிக்கு முன்னால பேசு. நானே கைதட்டுறேன்."

"கூப்பிட்டா வரமாட்டாருண்ணே."

"வீட்ல படுத்துக் கெடப்பான். நாளைக்கு அதையும் மேடையில சொல்லுவ."

அவள் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"வெட்டலன்னா அடுத்த பாதியே கிடையாது. சங்கம் இனி உன்னக் கூப்பிடவும் கூப்பிடாது."

"சரிண்ணே. ஒண்ணு செய்யுங்க. அத்தையவே கேட்டுப் பாருங்க. அவங்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லட்டும். இங்க மட்டும் இல்ல, இனி எந்த மேடையிலயும் அவரப் பத்திப் பேசமாட்டேன்."

ராமசாமி முன் வரிசைக்கு வந்தார். கூட்டம் பிரியாணி மேசையை மொய்த்திருந்தது. வள்ளியம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"தங்கச்சி, நான் சங்கத்துச் செயலாளர். மனசு விட்டுடாதீங்க. உங்க மவன இனிமே யாரும் ஏசமாட்டாங்க. வெட்டச் சொல்லிட்டேன்."

வள்ளியம்மா பதறி எழுந்தாள்.

"ஐயோ! ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க அழுதீங்களே, பார்த்தேனே."

"சிரிச்சுச் சிரிச்சு வந்த தண்ணிண்ணே அது." பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் அழுகையும்தான்" என்றாள்.

"பெத்த பிள்ளைய ஊரே கேலி பண்ணிச் சிரிக்குது. வலிக்கலையாம்மா உங்களுக்கு?"

வள்ளியம்மா அவரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

"அவன் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே. பத்து காவான் ஃபேக்டரியில ஓவர்டைம் முடிச்சுட்டு வர்றப்ப, பினாங்கு ரெண்டாவது பாலத்துல மோட்டார் சைக்கிள் சறுக்கிடுச்சு. கம்பெனி ஒரு மலர்வளையம் அனுப்புச்சு."

ராமசாமி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னைலேர்ந்து யாரப் பார்த்தாலும், 'பாவம், தங்கமான பையன்'ங்கிறாங்க. சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, எல்லாரும்தான். அவன் தங்கம் இல்லண்ணே. சோம்பேறிப் பய. நானே எத்தனை ஏசியிருக்கேன்! இப்ப என் வாயிலயும் ஏச்சு வரமாட்டேங்குது. செத்தவன யாருண்ணே ஏசுவா? இவ ஒருத்திதான், அவன் இன்னும் வீட்லயே இருக்கிற மாதிரி ஏசுறா. அதக் கேக்கத்தான் ஒரு ஷோ விடாம ஓடி வர்றேன்."

மேடை விளக்கை யாரோ போட்டார்கள். வள்ளியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெரசா போயிச் சொல்லுங்கண்ணே. இன்னும் கொஞ்சம் நல்லா ஏசச் சொல்லுங்க."