நிலைப்படி

அறுக்க வேண்டியது தேக்கு நிலைப்படி என்றதும், கருவிகளை வாடகைக்கு விடும் கடைக்காரர் ஜிக்சா ரம்பத்தை ஒதுக்கிவிட்டு வட்ட ரம்ப மெஷினை எடுத்து வைத்தார்.

“ஜிக்சா பிளேடு தரையில முட்டும்க்கா. இதுல எவ்வளவு ஆழம் வேணுமோ அவ்வளவு மட்டும் வச்சு அறுக்கலாம். ஆனா நிலைப்படியைப் போய் யாராவது அறுப்பாங்களா?”

“நான் அறுப்பேன்” என்றாள் செங்கமலம்.

வீட்டில், சக்கர நாற்காலியிலிருந்த கணவர் தணிகாசலமும் தடுத்தார். “வேணாம் கமலம். வீட்டுக்கு ஆகாது.”

“பொங்கலுக்கு அப்புறம் நீங்க வாசலைத் தாண்டவே இல்ல. அது மட்டும் ஆகுமா?”

நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மெஷினை ஓடவிட்டாள். வெள்ளிதோறும் மஞ்சள் பூசிய மரம் மஞ்சள் தூளாகவே பறந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசுவதற்கு நிலைப்படி இல்லை. மஞ்சள் கிண்ணத்தோடு சற்று நின்றவள், குனிந்து நாற்காலியின் இரண்டு சக்கரங்களுக்கும் பூசினாள். அது காய்வதற்குள் தணிகாசலம் உருட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலிலிருந்து தெரு வரை இரண்டு மஞ்சள் கோடுகள் நீண்டன.