முதல் பக்கத்தில் ஒரு வரி

சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் போனை எடுத்தாள்.

"விருதுக் குழுவிலிருந்து பேசறேம்மா. இந்த வருஷத்தோட சிறந்த இந்திய நாவல் விருது, தமிழிலிருந்து மொழிபெயர்த்த ஒரு நாவலுக்குக் கிடைச்சிருக்கு. எழுதினவங்க போனை எடுக்கலை. பதிப்பகத்துல அவங்க பழைய நம்பர்னு இதைக் கொடுத்தாங்க."

"அவ இங்கேயிருந்து போய்ப் பத்து வருஷமாச்சு. என்ன கதைம்மா?"

"பொண்ணைத் தனி ஆளா வளர்த்த ஒரு தாயைப் பத்தினது. முதல் பக்கத்துலேயே 'மறைந்த என் அம்மாவுக்கு'ன்னு போட்டிருக்காங்க. படிச்சு அழுதுட்டேன். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். "பக்கத்து வீடும்மா."

மனசுக்குப் பிடித்தவனோடு வாசலில் வந்து நின்ற மகளிடம், "உன் அம்மா செத்துட்டான்னு நினைச்சுக்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தியவள் அவள்தான்.