ஹாஷ் போட்ட வரிகள்

மூன்றாவது முறையாக லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். வைஃபை வரவில்லை.

"அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்க்கா," என்றான் ரெய்னோ, சமையலறை வாசலில் சாய்ந்தபடி. "லைப்ரரியில நாப்பது கம்ப்யூட்டர மேய்க்கிற. இது ஒண்ணு உனக்கு அடங்க மாட்டேங்குதா?"

அனுப்ப வேண்டியது வேலைக்கான விண்ணப்பம். கவுண்டி நிர்வாகத்தின் வண்டிப் பணிமனையில் மெக்கானிக் வேலை. வண்டி ஓட்ட வேண்டாம், பழுது பார்த்தால் போதும். மாதக்கணக்கில் என் வீட்டுக் கீழ்த்தளத்தில் சுருண்டு கிடந்த தம்பி, வேலை என்று வாயைத் திறந்ததே இன்றைக்குத்தான்.

அதனால்தான் சனிக்கிழமையும் அதுவுமாக இதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

அவனுடைய பழைய லேப்டாப். லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். லினக்ஸில் வைஃபை படுத்துவிட்டால் ஒரு கூத்து உண்டு. வைஃபையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். என் ஃபோனைக் கேபிளில் மாட்டி, அதன் வழியாக இறக்கினேன். விண்ணப்பத்தையும் அப்படியே அனுப்பிவிடலாம் என்றதற்கு, பதில் வந்தால் பார்க்க வைஃபை வேண்டுமே என்றுவிட்டான். பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டேன். அடிப்பக்கத்தைத் திறந்து வைஃபை கார்டைக் கழற்றி, துடைத்து, மறுபடி செருகினேன்.

கார்டு இருக்கிறது என்கிறது. டிரைவரும் இருக்கிறது என்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ள மாட்டேன் என்கின்றன.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும்.

போன பிப்ரவரியில், கண்ணை மறைக்கும் பனிப்புயல் அடித்த நாளில், ரெய்னோ பனி தள்ளும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். வழியில் நின்றுபோன காரிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் இறங்கிச் சாலையில் நின்றிருக்கிறாள். கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. வண்டி அவளை அடித்துவிட்டது. அவன்மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள்.

ஊர் வேறு மாதிரி எழுதியது. இணையத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஆளாளுக்கு எழுதினார்கள். ரெய்னோ ஒன்று விடாமல் படித்தான். சாப்பாட்டை விட்டுவிட்டுப் படித்தான். மார்ச்சில் ஒரு நாள் கராஜ் கதவை நான் உடைத்துத் திறக்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் சொல்ல எனக்கு மனமில்லை.

அதன்பிறகு ஃபோனை ஏரியில் வீசினான். ஏப்ரலில் லேப்டாப்பின் வைஃபை கெட்டுப்போனது. நல்லதாகப் போயிற்று என்று நானும் கண்டுகொள்ளவில்லை. அதே வாரம் வந்து, "இதுல உன் பாஸ்வேர்டு மட்டும் இருந்தா போதும்க்கா, நான் எதையாவது நோண்டிக் கெடுத்துருவேன்," என்றான். அமைப்புகளில் எதைத் தொட்டாலும் என் பாஸ்வேர்டைக் கேட்கும்படி மாற்றிக் கொடுத்தேன்.

மணி நாலரை தாண்டிவிட்டது. அடுப்பில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி லேசாகக் கருகும் வாசனை. ரெய்னோ அதைப் பார்க்கப் போனான்.

கடைசியில், இதுவரை எட்டிப் பார்க்காத ஒரு இடத்தைத் திறந்தேன். டிரைவர்களின் அமைப்புகள் எழுதி வைத்திருக்கும் ஃபோல்டர். அதெல்லாம் நான் எழுதியது. என் கைப்பட்டதில் பிழை இருக்காது என்ற திமிர். மூன்று மணி நேரத்தைத் தின்றது அந்தத் திமிர்தான்.

உள்ளே நான் எழுதாத ஒரு சின்னக் கோப்பு இருந்தது.

வைஃபை டிரைவரை எழுப்பாதே என்று ஒரே ஒரு கட்டளை. அதற்கு மேலே ஹாஷ் குறி போட்ட நான்கு வரிகள். ஹாஷ் போட்ட வரியைக் கம்ப்யூட்டர் படிக்காது. அடுத்து வந்து திறக்கிற மனிதருக்காக எழுதுவது அது. எதை மாற்றினாலும் தேதி போட்டு, ஏன் மாற்றினாய் என்று எழுதி வை என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

# ஏப்ரல் 9. வைஃபையை நிறுத்தியது நான், ரெய்னோ.
# ஐலா அக்கா, இதை நீதான் திறப்பாய்.
# நான் கேட்டாலும் திரும்பக் கொடுக்காதே.
# நல்ல காரணமாகத்தான் சொல்வேன்.

அந்தக் கட்டளையை அழித்தால் போதும், வைஃபை வந்துவிடும். விண்ணப்பம் போய்விடும். விரலைக் கொண்டுபோய் டிலீட் விசையின் மேல் வைத்தேன்.

வைத்த விரலை எடுத்தேன்.

பழக்க தோஷம், அவன் வரிகளுக்குக் கீழே நானும் ஒன்று எழுத ஆரம்பித்தேன். முதலில் தேதி. திரையின் மூலையில் பார்த்தேன்.

பிப்ரவரி 8.

அந்தப் பெண் போய் இன்றோடு ஒரு வருடம். இந்த நாள் வரப்போகிறதே என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். வந்தது தெரியாத அளவுக்குக் களைத்துப் போயிருக்கிறேன். ஊரின் இணையப் பக்கத்தில் காலையிலிருந்தே எழுத ஆரம்பித்திருப்பார்கள்.

# பிப்ரவரி 8. படித்தேன். கொடுக்கவில்லை. ஐலா.

சேமித்து மூடினேன்.

"கார்டு செத்துப்போச்சுடா," என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அது அவனுக்கும் தெரியும். "விண்ணப்பத்த என் ஃபோன்லயே அனுப்பிரலாம், வா. நீ சொல்லு, நான் தட்டுறேன்."

ரெய்னோ சூடான தட்டைத் துணியால் பிடித்தபடி நின்றான். ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"அது போன வாரமே நேர்ல போய் எழுதிக் குடுத்துட்டேன்க்கா."

தட்டை மேசையில் வைத்தான். இரண்டு முள்கரண்டி எடுத்து வந்து என் எதிரே உட்கார்ந்தான்.