சொன்னதை அப்படியே சொல்லு

“இதுக்குப் பேரு பீன்ஸா? ஆஸ்பத்திரியில போடுற பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு!”

கிழவர் எவெலியோ ஸ்பூனைத் தட்டில் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

கியூபாவை விட்டு வந்தவர்கள் குடியேறிய ஹயலியாவில், அந்தக் கியூபா சாப்பாட்டுக் கடையின் கதவைத் திறந்ததும் முதல் ஆளாக நுழைவார். சமையலறையை ஒட்டிய மேஜைதான் வேண்டும். ஒரு கிண்ணம் கறுப்பு பீன்ஸ் குழம்பு, கொஞ்சம் சோறு. ஒரு வாய் வைப்பார். உடனே ஆரம்பித்துவிடுவார்.

“எங்க ஊரு ரெமேதியோஸ்ல எங்கம்மா சட்டியைத் திறந்தா, எதிர்த்த வீட்டுக்காரன் தட்டோட வந்து நிப்பான். தெரியுமா உனக்கு?”

“தெரியும் பெரியவரே. நேத்தும் சொன்னீங்க,” என்றாள் யனேலிஸ். பரிமாறும் வேலைக்குத்தான் அவள் புதுசு, வாய் பழசு.

“உள்ளே போய் நெரெய்தாகிட்ட சொல்லு. நான் சொன்னதை அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தை குறையக் கூடாது.”

சமையலறையில் நெரெய்தா கரண்டியும் கையுமாகக் காத்திருந்தாள்.

“என்ன சொன்னான்?”

“விடுங்க அத்தை. அந்த ஆளுக்கு வேற வேலை இல்ல.”

“என்ன சொன்னான்னு கேட்டேன்.”

சொன்னாள். நெரெய்தா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாவம், கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் திரும்புகிறாள் என்று யனேலிஸுக்குக் கிழவர்மேல் ஆத்திரம் வந்தது.

மறுநாளும் அதே கதைதான்.

“மாட்டுக்கறியைப் பிச்சுப் போட்டுச் சமைச்சா அதுக்குப் பழைய துணின்னு பேரு வெச்சோம். இவ அந்தத் துணியை அலசின தண்ணியை எனக்கு ஊத்தியிருக்கா! போ, சொல்லு.”

போனாள், சொன்னாள். நெரெய்தா திரும்பிக்கொண்டாள்.

மதியம் கூட்டம் வந்தால் நடப்பதே வேறு. முதல் வாயிலேயே ஆட்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். லாரி ஓட்டுகிற ஒருவர், “எங்க வீட்டு ஞாயித்துக்கிழமை!” என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்துவார். யாரும் அவரைக் கேலி செய்வதில்லை. அவரவர் ஞாயிற்றுக்கிழமை அவரவர் தட்டில் இருக்கும்.

யனேலிஸும் கியூபாவில், ஒல்கினில் அம்மாவை விட்டுவிட்டு வந்தவள்தான். போனில் அம்மா முகத்தைப் பார்க்கலாம். அம்மா சமையல் வாசனை போனில் வருமா? இங்கே சட்டியைத் திறந்தால் வருகிறது. கடைசியில் போடும் சிட்டிகைச் சர்க்கரையும் ஒரு சொட்டு வினிகரும்கூட அதே அளவு. முதல் நாள் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று அழுதிருக்கிறாள். அப்படிச் சமைக்கிற மனுஷியையா இந்தக் கிழவர் தினமும் காய்ச்சி எடுப்பது?

சனிக்கிழமை எவெலியோவின் குரல் கூரையைத் தொட்டது.

“கடல் தண்ணியை அப்படியே சட்டியில கவுத்துட்டாளா? மீனை விட்டா நீந்தும்! போய்ச் சொல்லு.”

சொல்லிவிட்டு, வாசலில் காபி விற்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் டாமினோ ஆடப் போய்விட்டார்.

யனேலிஸ் ஒரு முடிவோடு உள்ளே போனாள்.

“என்ன சொன்னான்?”

“பிரமாதம்னு சொன்னார் அத்தை.”

நெரெய்தா நிமிர்ந்தாள். “யாரு, எவெலியோவா? சரியாக் கேட்டியா?”

“கேட்டேன் அத்தை. எல்லாம் கச்சிதமா இருக்காம். ‘கையைக் குடு’ன்னார்.”

நெரெய்தா சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் யனேலிஸ் பார்த்தாள். ஒரு பொய்யில் இவ்வளவு புண்ணியமா என்று மனசு நிறைந்துபோயிற்று. நெரெய்தா அடுப்பை அணைத்துச் சட்டியை இறக்கினாள்.

மதியம் ஒரு பிறந்தநாள் கூட்டம் வந்தது. கியூபாவின் கமகுவேயிலிருந்து வந்து குடியேறிய பெரிய குடும்பம். பிறந்தநாள்காரர் முதல் வாயிலேயே கண்ணை மூடினார்.

“ஐயோ, தண்ணி!”

அடுத்தவர் துப்பினார். அதற்கடுத்தவர் தட்டைத் தள்ளினார். முதலாளி ரிகோபெர்த்தோ ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். வைத்த வேகத்தில் சமையலறைக்குள் பாய்ந்தார்.

“வாயில வைக்காமலா அனுப்பினே? ரெண்டு தடவை உப்புப் போட்டிருக்கே! இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா நீ வீட்டுக்குப் போயிடலாம் நெரெய்தா. நான் வேற ஆள் பார்த்துக்கறேன்.”

நெரெய்தா யனேலிஸைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் துளியும் இல்லை. பயம்தான் இருந்தது.

அதைத் தாங்க முடியாமல் யனேலிஸ் வாசலுக்கு ஓடினாள்.

உள்ளே எழுந்த கூச்சல் எவெலியோ காதிலும் விழுந்திருந்தது. “நான் சொன்னதை அப்படியே சொன்னியா?” என்றார்.

“இல்ல. பிரமாதம்னு சொல்லிட்டேன்.”

டாமினோக் கட்டைகளை அப்படியே போட்டுவிட்டு அவர் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

“பின்னே என்ன பெரியவரே? நீங்க திட்டுற திட்டைக் காது குடுத்துக் கேட்க முடியுமா? அவங்க மனசு நோகாதா? உப்பு ஜாஸ்தின்னு மெதுவாச் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?”

எவெலியோ அவளைச் சுவர் ஓரமாக இழுத்துப்போனார். அவர் குரல் தாழ்ந்து அவள் கேட்டதே இல்லை.

“மெதுவாச் சொன்னா ரிகோபெர்த்தோவுக்குச் சந்தேகம் வரும், ‘இவன் எதுக்கு தினமும் ருசி பார்த்துச் சொல்றான்’னு. திட்டினா, கொழுப்பெடுத்த கிழவன்னு விட்டுடுவான்.”

“நீங்க எதுக்கு ருசி பார்க்கணும்?”

“போன வருஷம் வந்த காய்ச்சல்லேர்ந்து அவளுக்கு உப்பும் தெரியல, இனிப்பும் தெரியல, பொண்ணே. நம்ம ஊரு ருசி மொத்தமும் இன்னும் அவ கையிலதான் இருக்கு. அவ நாக்குக்குப் பதிலாத்தான் நான் வர்றேன்.”