டாக்டரின் பெயர்நாள்

ஏதென்ஸிலிருந்து கோர்ஃபு தீவின் மலைக்கிராமத்துக்கு மாற்றலாகி வந்திருந்த டாக்டர் ஸ்பிரோஸுக்கு இங்கே இது முதல் பெயர்நாள். தன் பெயர் கொண்ட புனிதரின் திருநாள். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்தால் போதும், வாழ்த்த வருவார்கள்.

"மணி ரெண்டாச்சு ஃபோதினி. ஒரு ஈ, காக்கா வரல!"

"வருவாங்க. கோட்டைக் கழட்டாதீங்க," என்றாள் மனைவி.

"எத்தனை பேருக்கு ஊசி போட்டிருப்பேன்! நன்றி கெட்ட ஜனம். நாளைக்கே மாற்றல் கேட்டு எழுதறேன் பாரு!"

மேஜையில் மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது தபால்காரர் கெராசிமோஸ் பெல்ட்டைத் தளர்த்தியபடி தள்ளாடி உள்ளே வந்தார்.

"நூறு வயசு இருங்க டாக்டர்!"

"வாங்க, வாங்க! ஃபோதினி, தட்டு எடு!"

"ஐயோ, தட்டு வேணாம்மா! இது எனக்கு நாப்பத்தோராவது வீடு."

"நாப்பத்தொண்ணா?"

"பின்னே? வீட்டுக்கு வீடு கோட்டு மாட்டிக்கிட்டு, ஒருத்தனும் வரலைன்னு திட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. இந்த ஊர்ல ஸ்பிரோஸ்னு பேர் இல்லாத ஒரே ஆம்பளை நான்தானே! செரிமானத்துக்கு மாத்திரை இருந்தா குடுங்க டாக்டர், இன்னும் பத்தொன்பது ஸ்பிரோஸ் பாக்கி!"