முன்வாசல் பலகை

மனமகிழ் மன்றத்தின் முன்வாசல் பலகையை அறுத்து இறக்கினார் வெல்டர். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"இதை எழுதினவங்களுக்கும் நமக்கும் இனி ஒட்டுமில்ல, உறவுமில்ல," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் தலைவர். "உள்ள மேடையில வைங்க தம்பி. எல்லாரும் பார்க்கட்டும்."

வெல்டர் பலகையைச் சுமந்து படியேறினார். காவலாளி குறுக்கே கை நீட்டினார்.

"பலகையை எங்கிட்ட குடுங்கண்ணே. நீங்க பின்பக்கமா சுத்தி வந்துடுங்க."

வெல்டர் திரும்பித் தலைவரைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி," தலைவர் குழைந்தார். "இப்பதான் எங்கயும் எழுதி வைக்கலையே. சும்மா ஒரு வழக்கம்."

பலகை மட்டும் ராஜமரியாதையோடு முன்வாசலில் நுழைந்தது. அதன் எழுத்து இன்னும் துளிகூட மங்கவில்லை:

'கறுப்பர்கள் பின்வாசல் வழியாக வரவும்.'